திருகோணமலைக்கு அமெரிக்கன் வருவான்

1

1999 பங்குனி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை மாஸ்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். கொசோவோவுக்காக மேற்கு நாடுகளின் விமானங்கள் யூகோஸ்லாவியா மீது குண்டு போடத் தொடங்கி நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது.

“தம்பி, டீவி பாத்தனீரோ?”

“பாத்தனான் மாஸ்டர்.”

“நான் அண்டைக்கே சொன்னனான் எல்லே? சின்னச் சனம் எண்டாலும் அவன் கைவிடான். இனி எங்கடை முறைதான். வாற ஞாயிறு அப்டன் பார்க்கிலை கூட்டம். அமெரிக்காவுக்கு ஒரு மகஜர் வேணும். உம்மடை கையாலை எழுதினாத்தான் அதுக்கு ஒரு எடுப்பு.”

மாஸ்டர் ஊரில் புவியியல் படிப்பித்தவர். லண்டனுக்கு வந்து ஒரு கார் தரிப்பிடத்தில் பதினொரு வருடம் காவல் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பதினொரு வருடமும் அவர் காத்தது கார்களை அல்ல, இந்து சமுத்திரத்தை என்பதுதான் அவருடைய எண்ணம். எங்கள் சங்கத்துக்கு அவர் தலைவர். எழுபத்துமூன்று வயதிலும் உலகத்தில் எங்கே குண்டு விழுந்தாலும் அவருக்கு உடம்பில் புதுத்தெம்பு வந்துவிடும்.

நான் அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏனென்றால் என் முன்னால் குசினி மேசையில் வேறொரு தாள் கிடந்தது. கொழும்பில் உள்ள விசா அலுவலகம் என் அக்காவின் விண்ணப்பத்தை நிராகரித்து அனுப்பிய கடிதம். அக்காவுக்கு அறுபத்தேழு வயது. வவுனியாவில் ஒரு முகாமில், தகரக் கொட்டிலில், தனியாக இருக்கிறாள். அவளுக்கு மிச்சமிருக்கும் ஒரே உறவு நான். மேன்முறையீடு செய்ய இரண்டு கிழமை தவணை தந்திருந்தார்கள். அதுவும் தவறினால் அக்கா அந்தக் கொட்டிலிலேயே கண்ணை மூடவேண்டியதுதான்.

என் மகள் அபி ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் பயிற்சிக்கு இருக்கிறாள். நிராகரிப்புக் கடிதம் கிளப்பிய சந்தேகங்களை அவர்கள் எட்டுக் கேள்விகளாக இலக்கமிட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆறுக்கு மளமளவென்று பதில் எழுதியவள் ஏழாவதில் பேனாவை வைத்துவிட்டாள். விண்ணப்பதாரியும் கணவரும் 1991ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற அனுமதி பெற்றிருந்தும் ஏன் வெளியேறவில்லை?

“மாமி ஏன் வெளிக்கிடவில்லை, அப்பா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் பேச்சில் தமிழாக மிஞ்சியிருப்பது அப்பா, அம்மா, மாமி என்ற மூன்று சொற்கள்தான்.

எனக்குப் பதில் தெரியும். அந்தப் பதில் தெரிந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். அதில் ஒருவர் செத்துப்போனார். “யோசிச்சுச் சொல்லுறன்” என்று அபியிடம் சொல்லிவிட்டுத் தேநீர் போட எழும்பினேன்.

2

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் சிரிக்கக்கூடும். தாராளமாகச் சிரியுங்கள். எண்பதுகளில் லண்டனுக்கு வந்து சேர்ந்த எங்களுக்குக் கோயிலைவிடப் பெரிய நம்பிக்கை ஒன்று இருந்தது. அதன் பெயர் திருகோணமலை.

நம்பிக்கையின் சாரம் இதுதான். திருகோணமலை உலகத்திலேயே சிறந்த இயற்கைத் துறைமுகம். அதை வைத்திருப்பவன் கையில் இந்து சமுத்திரம். அமெரிக்கனுக்கு அதில் ஒரு கண். ரஷ்யனுக்கு மற்றக் கண். ஆகவே என்றாவது ஒருநாள் அமெரிக்கக் கப்பல் அங்கே வந்து நிற்கும். வந்தால் எங்கள் பிரச்சினையைத் தீர்க்காமல் போகமாட்டான். ஏன் தீர்க்கவேண்டும், துறைமுகம் வேண்டுமென்றால் கொழும்போடு கதைத்து வாங்கிக்கொண்டு போகமாட்டானா என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

மாஸ்டரிடம் ஒரு வரைபடம் இருந்தது. பள்ளிக்கூடச் சுவரில் தொங்கவிடும் பெரிய துணிப்படம். அதில் திருகோணமலையைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டிருந்தார். ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த வட்டத்தின் மேலேயே திரும்பத் திரும்பக் கீறி, கடைசியில் அந்த இடத்தில் துணி பிய்ந்து துறைமுகம் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. அதற்குப் பிறகும் அவர் விரலை அந்த ஓட்டைக்குள் விட்டுத்தான் விளங்கப்படுத்துவார்.

பிறந்தநாள் வீடுகளில் பார்க்கவேண்டும் எங்களை. பெண்கள் குசினியில் ரோல்ஸ் பொரிப்பார்கள். ஆண்கள் முன் அறையில் விஸ்கிக் கிளாசோடு இருந்து, கேக் வெட்டுவதற்குள் இந்து சமுத்திரத்தை இரண்டு முறை பங்கிட்டு முடிப்பார்கள். பெற்றோல் அடிப்பவன், கடையில் பெட்டி தூக்குபவன், அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு விசாரணைக்குக் காத்திருப்பவன், எல்லோரும் வாஷிங்டனுக்கு ஆலோசகர்கள். வெளியே தெருவில் ஒரு பொலிஸ்காரன் நின்றால் மட்டும் யன்னல் சீலையை இழுத்துவிடுவோம்.

என் பங்கு எழுதுவது. கொழும்பில் ஒரு திணைக்களத்தில் பதினெட்டு வருடம் எழுதுவினைஞனாக இருந்தவன் நான். எண்பத்துமூன்றில் வீடு எரிந்தபிறகு புறப்பட்டு வந்தவன். கையில் கொண்டுவந்த ஒரே சொத்து ஆங்கிலத்தில் மனு வரையும் வித்தை. பணிவன்புடன் சமர்ப்பிப்பது, மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது, தங்கள் சாதகமான பதிலை எதிர்பார்ப்பது எல்லாம் தூக்கத்தில்கூட எனக்கு வரும். எங்கள் பரம்பரை எழுதுவினைஞர்களுக்கு ஓர் அசைக்கமுடியாத சட்டம் உண்டு. நாம் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்து, அந்தப் பதிலின் தலையில் ஒரு கோவை இலக்கம், அதாவது பைல் நம்பர், போட்டிருந்தால், கோவை திறந்தாகிவிட்டது. திறந்த கோவை மேசையிலிருந்து மேசைக்குப் போகும். போனால் அலுவல் நடக்கும். இந்தச் சட்டத்தை நம்பி நாங்கள் இடமாற்றம் எடுத்தோம், சம்பள உயர்வு எடுத்தோம், ஓய்வூதியம் எடுத்தோம்.

என் மனைவிக்கு மட்டும் இதிலெல்லாம் மரியாதை கிடையாது. “குசினிக் குழாய் ஒழுகுது எண்டு கவுன்சிலுக்கு ஒரு கடிதம் எழுத உங்களுக்கு மூண்டு மாசம் செல்லுது. அமெரிக்காவுக்கு எண்டால் ஒரு பின்னேரத்திலை முடிச்சுப்போடுறியள்” என்பாள். குழாய் பிறகும் நெடுநாள் ஒழுகியது.

3

1990 ஆவணியில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது நான் மோர்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் காசாளர். இன்றும் அங்கேதான். அமெரிக்காவின் வெளிநாட்டுக் கொள்கையைப் பெரியவர்கள் புத்தகத்தில் படித்திருப்பார்கள். நான் அதை ஒரு நீளத் தடியால் படித்தவன். நிலைய வாசலில் உயரத்தில் தொங்கும் விலைப் பலகையின் எண்களைத் தடியால் கழற்றி வேறு எண் மாட்டுவது என் வேலைகளில் ஒன்று. அந்த மாதம் ஷிப்டுக்குப் போனவுடன் தடியைத்தான் கையில் எடுப்பேன். கழுத்து உளைந்ததே தவிர விலை இறங்கவில்லை.

அதே ஈராக் ஈரானோடு எட்டு வருடம் அடிபட்டபோது அமெரிக்கனுக்குச் செல்லப்பிள்ளை. தன்னுடைய குர்திஷ் கிராமத்துச் சனத்தையே நச்சுப்புகையால் கொன்றபோதும் செல்லப்பிள்ளைதான். அன்றைக்கெல்லாம் நல்ல நித்திரையில் இருந்த சர்வதேசச் சட்டம் எண்ணெய்க் கிணற்றடியில் திடுக்கிட்டு எழும்பியது. சின்ன நாட்டைப் பெரிய நாடு விழுங்க விடமாட்டோம் என்றார்கள். புதிய உலக ஒழுங்கு என்றார்கள். அரை மில்லியன் படை மணலில் வந்து இறங்கியது. இதைவிட வெளிப்படையாக ஒரு வல்லரசு தன் வயிற்றைக் காட்டமுடியாது. ஆனால் நாங்கள் பார்த்தது வயிற்றை அல்ல. சின்ன நாடு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டோம்.

ஒருநாள் பின்னேரம் இருபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பையன் ஒருவன் பெற்றோலுக்குக் காசு தர வந்தான். என் முகத்தையும் நிறத்தையும் பார்த்தான். என்ன நினைத்தானோ, கண்ணாடித் தடுப்புக்குக் கிட்டக் குனிந்து, கவலைப்படாதே, உன் நாட்டை உனக்கு மீட்டுத் தருவோம் என்றான். என்னைக் குவைத்காரன் என்று நினைத்துவிட்டான். நான் குவைத்காரன் அல்ல என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் சொல்லவில்லை. நன்றி என்றேன். அவன் பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். அன்று முழுவதும் எனக்கு மனம் குளிர்ந்துபோயிருந்தது. இப்படியும் ஒரு வெட்கங்கெட்ட மனிதனா என்று இப்போது தோன்றுகிறது.

4

1991 மாசியில் குவைத் மீட்கப்பட்டது. அடுத்த ஞாயிறே மாஸ்டர் கூட்டம் வைத்தார். அப்டன் பார்க்கில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல்மாடி. மோர்டனிலிருந்து அங்கே போக ஒன்றரை மணித்தியாலம். லண்டனின் ஒரு கரையிலிருந்து மறுகரை. மிளகாய்த்தூள் மூட்டைகளுக்கு நடுவே பன்னிரண்டு கதிரை, மூலையில் ஓட்டை விழுந்த வரைபடம்.

“முதல்லை நன்றி சொல்லோணும்” என்றார் மாஸ்டர். “குவைத்தை மீட்டதுக்குப் பாராட்டு. கேக்க வேண்டியதைப் பேந்து, கடைசிப் பந்தியிலை, நாசூக்காக் கேப்பம்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எழுதினேன். நாலு பக்கம். அதில் ஒரு வசனம் எனக்கு இன்றும் பாடம். தங்கள் விமானங்கள் பிழை செய்தவனை மாத்திரம் தேர்ந்து தண்டிக்கும் துல்லியத்தை ஒரு சிறிய இனமாகிய நாங்கள் வியந்து வணங்குகிறோம் என்று எழுதியிருந்தேன். பக்தாத்தில் பதுங்குகுழிக்குள் இருந்த பெண்களும் பிள்ளைகளும் கருகிப்போனதை அதற்கு இரண்டு கிழமை முன்னர்தான் இதே கண்ணால் தொலைக்காட்சியில் பார்த்திருந்தேன். பார்த்துவிட்டுத்தான் அந்த வசனத்தை எழுதினேன்.

அபிக்கு அப்போது பதினாறு வயது. பள்ளிக்கூடச் சிநேகிதிகளோடு லண்டன் நடுவில் யுத்தத்துக்கு எதிரான ஊர்வலத்துக்குப் போய்வந்தவள். கோட்டில் குத்திய பட்டனோடு வந்து, தட்டச்சில் கிடந்த தாளை வாசித்தாள். மாமி பதுங்குகுழிக்குள் இருந்து கடிதம் எழுதுகிறா, நீங்கள் குண்டு போட்டவனுக்கு நன்றி எழுதுகிறீர்கள் என்று கத்தினாள். ஆங்கிலத்தில் கத்தும்போது அவள் எனக்கு யாரோ ஒரு அதிகாரி போலத் தெரிவாள்.

“உனக்கு உந்த அரசியல் விளங்காது. போய்ப் படி” என்றேன்.

“நீங்கள் எழுதுறதை அங்கை ஆரும் வாசிப்பினமோ?” என்று மனைவி குசினிக்குள்ளிருந்து கேட்டாள். முத்திரை ஒட்டி அடுத்த நாளே அனுப்பினேன்.

அபி அதற்குப் பிறகு என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. பேசத் தொடங்கியபோது தமிழில் பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

5

சித்திரையில் வாஷிங்டனிலிருந்து பதில் வந்தது.

நல்ல தடித்த வெண்மஞ்சள் தாள். மேலே கழுகு முத்திரை. தங்கள் கருத்துகளைத் தெரிவித்ததற்கு நன்றி, மக்கள் எழுதும் கடிதங்களை ஜனாதிபதி மிகவும் மதிக்கிறார் என்று மூன்று வரி. கீழே யாரோ ஓர் உதவியாளரின் கையெழுத்து. எங்கள் மகஜரில் இருந்த ஒரு விடயத்தையும் அது தொடவில்லை. எங்கள் நாட்டின் பெயர்கூட அதில் இல்லை. உலகம் முழுவதும் யார் என்ன எழுதினாலும் போகின்ற கடிதம் அது. நாய்ப்பிரியர் சங்கம் எழுதியிருந்தாலும் அதுதான் வந்திருக்கும்.

ஆனால் வலது மூலையில் ஒரு கோவை இலக்கம் இருந்தது.

மாஸ்டர் கண்ணீர் விட்டார். கடிதத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு வரைபடத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். நூறு பிரதி எடுத்து, வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து சனம் பொங்கல் வாங்க வரிசையில் நின்றபோது ஆளுக்கொன்று கொடுத்தார். ஒருவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நான் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. வரைந்தது நான் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன்.

அதே கிழமை அக்காவின் கடிதமும் வந்தது. ஆறு கிழமைக்கு முன் எழுதியது. யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லை, மண்ணெண்ணெய் குதிரைவிலை, மருந்துக்கும் தட்டுப்பாடு. அத்தானுக்கு, அதுதான் அக்காவின் கணவருக்கு, இருதய வருத்தம். கொழும்பில் காட்டவேண்டும் என்று கேட்டு, இரண்டு பேருக்கும் வெளியேற இயக்கத்திடமிருந்து பாஸ் கிடைத்திருந்தது. ஆனிக்குள் வெளிக்கிடவேண்டும், இல்லாவிட்டால் பாஸ் செல்லாது. கொழும்புக்கு வந்தால் பிறகு உன்னிடம் வருவதைப் பற்றி யோசிக்கலாம் என்று எழுதியிருந்தாள். வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால் யாராவது வந்து இருந்துவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. கடைசி வரி இது: நீ உலகம் அறிஞ்சனி. நீ சொல்லுறபடி செய்யிறம்.

நான் சொன்னேன். அவசரப்படவேண்டாம் என்று எழுதினேன். இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் அமெரிக்கா தலையிட்டு எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிடும், வீட்டை விட்டு வெளிக்கிட்டவர்கள் பிறகு கவலைப்படுவார்கள் என்று எழுதினேன். வாஷிங்டன் கடிதத்தின் பிரதி ஒன்றை உள்ளே வைத்தேன். இதை அத்தானிடம் காட்டவும், இலக்கத்தைப் பார்த்தால் அவருக்கு விளங்கும் என்று கீழே ஒரு குறிப்பு. அத்தான் யாழ்ப்பாண அரசாங்கக் கச்சேரியில் பிரதம இலிகிதராக, அதாவது தலைமை எழுதுவினைஞராக, இருந்து ஓய்வு பெற்றவர்.

அவருக்கு விளங்கிவிட்டது. ஆடி மாதம் அவருடைய அழகான சரிவெழுத்தில் பதில் வந்தது. பிரதி கிடைத்தது, கோவை இலக்கத்தைக் கவனித்தேன், நல்ல அறிகுறி, காத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார். பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

6

அந்த வருடம் முடிவதற்குள் சோவியத் ஒன்றியம் இல்லாமல் போனது. ஒரு காணியை வாங்கப் போட்டிபோட்ட இருவரில் ஒருவன் செத்துப்போனால் அந்தக் காணி என்ன விலைக்குப் போகும் என்று யாழ்ப்பாணத்தவனுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. திருகோணமலையின் மதிப்பு ஒரே நாளில் விழுந்தது. மாஸ்டருக்கு மட்டும் அது ஏறியது. “இனி இன்னும் சுகம். அவன் தனிக்காட்டு ராசா. ஆரையும் கேக்கத் தேவையில்லை” என்றார்.

தனிக்காட்டு ராசாவின் சீரைத் தொண்ணூறுகள் முழுவதும் பார்த்தோம். சோமாலியாக் கடற்கரையில் இறங்கியபோது படையை வரவேற்க அங்கே எதிரி இல்லை, தொலைக்காட்சிக்காரர்கள்தான் விளக்கோடு நின்றார்கள். தன் பிள்ளைகள் கொஞ்சப் பேர் செத்தவுடன் மூட்டை கட்டிக்கொண்டு போனான். ருவாண்டாவில் சனத்தை வெட்டிக் குவித்தபோது, அதற்கு என்ன சொல் பாவிப்பது என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தான். சரியான சொல்லைச் சொன்னால் போகவேண்டி வரும் என்ற பயம். பொஸ்னியாவை மூன்று வருடம் வேடிக்கை பார்த்தான். மாஸ்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். வரைபடத்தில் புதுப்புது வட்டங்கள் வந்தன. நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு மகஜர் எழுதினேன். அதற்கெல்லாம் பதில் வரவில்லை. பழைய இலக்கத்தை மேற்கோள் காட்டித்தான் எழுதினேன்.

இதற்கிடையில் அக்காவின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. பற்றரிக்குத் தடை என்பதால் அங்கே ரேடியோ கேட்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவில் வரும் மின்சாரத்தில் ரேடியோ பாடும். சுற்றுவதை நிறுத்தினால் செய்தி நின்றுவிடும். அத்தான் பின்னேரச் செய்திக்கு முழு நேரமும் தானே சுற்றுகிறார் என்று அக்கா எழுதினாள். இருதய வருத்தக்காரர், வேண்டாம் என்றால் கேட்கிறார் இல்லை, நாங்கள் சுற்றினால் வேகம் போதாதாம், அமெரிக்காவைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அறுந்துவிடுமாம் என்று எழுதினாள்.

அந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். எங்கள் மக்களின் அரசியல் விழிப்பு என்று மாஸ்டர் மெச்சினார். கை தட்டினார்கள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில், இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டது. மழை. ஒரே தெரு. லட்சக்கணக்கான சனம். அத்தானும் அக்காவும் அந்தத் தெருவில் நின்றார்கள். முன்னாலும் போகமுடியாது, பின்னாலும் போகமுடியாது. சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அத்தான் மூச்சு முட்டிச் செத்துப்போனார். மருந்து இல்லை. நாலு வருடத்துக்கு முன் கொழும்புக்கு வந்திருந்தால் நல்ல வைத்தியர் பார்த்திருப்பார். பிழைத்திருப்பாரோ தெரியாது. ஒரு கட்டிலிலாவது செத்திருப்பார். அக்கா அங்கிருந்து வன்னிக்குப் போய், பிறகு வவுனியா முகாமுக்கு வந்தாள்.

அமெரிக்காவை ஏச எனக்கு இருபது பக்கம் சொல் இருக்கிறது. ஆனால் அமெரிக்கா ஒருநாளும் எங்களுக்கு வருவேன் என்று சொல்லவில்லை. மூன்று வரிக் கடிதத்தில் அது எங்கள் பெயரைக்கூட எழுதவில்லை. வருவான் என்று அக்காவுக்கு எழுதியது நான்.

7

புதன்கிழமை அபி கொழும்பிலிருந்து திருப்பி அனுப்பிய பத்திரங்களை மேசையில் பரப்பினாள். அக்கா விண்ணப்பத்தோடு கொடுத்தவை. அத்தானின் மரணச் சான்றிதழ், முகாம் அட்டை, கலியாணப் பதிவு. எல்லாவற்றுக்கும் அடியில், எட்டாக மடித்து மடித்து மடிப்புகள் கிழிந்து, பின்பக்கம் ஒட்டுத்தாள் போட்ட ஒரு பிரதி. கழுகு முத்திரை மங்கிப்போயிருந்தது. இலக்கம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு அடியில் யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். அது அத்தானின் பழக்கம்.

வீட்டை விட்டு, நகையை விட்டு, செத்த புருஷனைப் பள்ளிக்கூட வளவில் விட்டு வந்தவள் இதை மட்டும் விடாமல் கொண்டுவந்து விசாவுக்குக் கொடுத்திருக்கிறாள்.

விசா அதிகாரி நிராகரிப்புக் கடிதத்தில் அதைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தார். இணைக்கப்பட்ட கடிதத்தில் விண்ணப்பதாரியின் பெயரோ நாட்டின் பெயரோ இல்லை, அது எந்த நோக்கத்துக்காகச் சமர்ப்பிக்கப்பட்டது என்று விளங்கவில்லை. எட்டு வருடத்தில் அந்தக் கடிதத்தை ஒழுங்காக வாசித்த முதல் மனிதர் அவர்தான்.

“இது என்ன, அப்பா?” என்று அபி கேட்டாள்.

சொன்னேன். முழுவதையும் தமிழில் சொன்னேன். அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. இடையில் ஒரு தடவையும் குறுக்கிடவில்லை. பதினாறு வயதில் வாசித்த அந்த வசனம் அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கும். முடிந்ததும் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினாள்.

“எழுதுங்கோ, அப்பா” என்றாள். அதைத் தமிழில் சொன்னாள்.

பணிவன்பு, மேலான கவனம் ஒன்றும் போடாமல் எழுதினேன். 1991இல் என் அக்காவும் அவருடைய கணவரும் வெளியேற ஆயத்தமாக இருந்தார்கள். என்னிடம் ஆலோசனை கேட்டார்கள். பொருளில்லாத ஓர் அச்சுக் கடிதத்தை நம்பி நான் அவர்களைப் போகவேண்டாம் என்று தடுத்தேன். அவர்கள் என்னை நம்பினார்கள். அதனால் வெளியேறவில்லை. தவறு முழுவதும் என்னுடையது. நாலு மகஜர் எழுதும் நேரம் அந்த ஆறு வரிக்குப் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்டன் பார்க்குக்குப் போனேன். மாஸ்டர் வாசலுக்கே வந்து கையைப் பிடித்தார். கூட்டம் தொடங்கியதும், மகஜரைத் தம்பி வாசிப்பார் என்றார். எழும்பி நின்று சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து அந்த ஆறு வரியையும் வாசித்தேன். அத்தான் பெடல் சுற்றியதையும், அவர் செத்த இடத்தையும் வாயால் சொன்னேன். கீழே கடையில் யாரோ வெங்காயம் நிறுக்கும் சத்தம் கேட்டது.

மாஸ்டர் எழும்பி வந்து என் தோளில் தட்டினார்.

“நல்ல இங்கிலீஸ், தம்பி. நல்ல உருக்கம். ஆனா திருகோணமலையைப் பற்றி ஒண்டும் வரேல்லையே?”

நான் தாளை மடித்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை, தபாலில் போடுவதற்கு முன், அக்காவிடம் ஒரு சொல் சொல்லவேண்டும் என்று பட்டது. வவுனியாவில் ஒரு தொலைபேசிக் கடைக்கு எடுத்து, ஆளை அனுப்பி முகாமிலிருந்து கூப்பிடச் சொல்லி, அரை மணித்தியாலம் கழித்துத் திரும்ப எடுத்தேன். அக்காவுக்கு மூச்சு வாங்கியது. ஓடி வந்திருக்கிறாள்.

“அக்கா, நீங்கள் ஏன் அப்ப வெளிக்கிடேல்லை எண்டு கேக்கிறாங்கள். நான்தான் மறிச்சனான் எண்டு எழுதியிருக்கிறன். எல்லாம் என்ரை பிழை எண்டு.”

“சீ, அப்பிடி எழுதாதை” என்றாள் அக்கா. “நீ என்ன செய்வாய்? அவன் வாறதெண்டுதானே இருந்தவன். உன்ரை அத்தானுக்கு அந்த நம்பரைப் பாத்து எவ்வளவு சந்தோசம். அமெரிக்கனுக்கு இடையிலை வேறை அலுவல் வந்திட்டுது, பாவம். அதை எழுது.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தக் கடிதத்தைத் திருப்பித் தந்தவங்களோ? பத்திரமா வைச்சிரு. என்னட்டை அது ஒண்டுதான் இருந்தது” என்றாள்.

தொலைபேசி அட்டையில் காசு முடிந்து லைன் அறுந்தது.

தாளை உறையில் போட்டேன். அக்கா சொன்ன பதிலை எழுதவில்லை. ஏழாம் கேள்விக்கு என் பதிலையே விட்டு, உறையை ஒட்டி, தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனேன். கொசோவோவில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. விலை ஏறியிருந்தது. தடியை எடுத்துக்கொண்டு பலகைக்குக் கீழே போய் நின்றேன்.